கரிசல் மண்ணில் ஒரு வீடு

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்குத் தெற்காக நெடுஞ்சுவர்போல் நீண்டு வந்து, பாலக்காட்டுக்கு அருகே ஓரிடத்தில் மட்டும் கதவு திறந்தாற்போல் வழிவிடுகிறது. அந்தக் கணவாயின் கீழ்வாசலில் அமர்ந்திருக்கிறது கோயமுத்தூர் மாநகரம். ஆனி, ஆடி மாதங்களில் கேரளத்திலிருந்து புறப்படும் காற்று இவ்வழியே புகுந்து ஊரெங்கும் வீசும். சுமந்துவந்த மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலேயே இறக்கிவைத்துவிட்டு, குளிர்ச்சியை மட்டும் நமக்குத் தருகிற காற்று அது. ஆகவேதான் பச்சை மலைகளைப் பார்த்துக்கொண்டே வாழும் இந்நகருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து விழுந்துவிடும். தை பிறந்தபின் வானம் ஒரு சொட்டும் தருவதில்லை. மண் காய்ந்துகொண்டே போகும்.

வாசகர்களே, மழையையும் மண்ணையும் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்நகரின் கிழக்கு ஓரத்தில், ஐந்தரை சென்ட் மனையில், எங்கள் வீடு நிற்கிறது. அதில் நாங்கள் இருவரும், ஒன்பது வயது மகனும், ஐந்து வயது மகளும், மகளின் அம்மிச்சியும் குடியிருக்கிறோம். 2022-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள் காலை, பிள்ளைகள் உறங்கும் அறையின் சன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஏறியிருப்பதைக் கண்டோம். மயிரிழைபோல் இருந்தது சித்திரை முடிவதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையுமளவு விரிந்தது. வங்கிக் கடனில் இன்னும் பன்னிரண்டு ஆண்டுத் தவணை பாக்கியிருந்த வீடு அது. அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்கலாமா கூடாதா என்பதே அன்று எங்கள் முன் நின்ற கேள்வி.

வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்க்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஒன்றுவிடாமல் நகல் எடுத்துக் கோப்பில் அடுக்குகிறோம். நிலத்துக்கு யார் யார் சொந்தம் கொண்டாடினர் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மண்ணின் வில்லங்கத்தை எழுத மட்டும் அவற்றில் ஒரு பத்தியும் இல்லை.

கோவை வட்டாரத்து மண் இருவகை. ஒன்று செம்மண், மற்றொன்று கரிசல். கரிசல் மண்ணுக்குள் மான்ட்மொரில்லோனைட் என்றொரு களிமண் தாது உண்டு. தண்ணீர் பட்டால் அது ஊதிப் பெருக்கும்; காய்ந்தால் சுருங்கி, கை நுழையுமளவு பாளம் பாளமாகப் பிளக்கும். இந்தக் குணமே பருத்திக்கு உகந்தது. மேல்மண் காய்ந்தபின்னும் ஆழத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களிலும் செடியைக் காப்பாற்றும். கரிசலில் பருத்தி விளைந்தது. பருத்தி விளைந்ததால் பஞ்சாலை வந்தது. 1888-ஆம் ஆண்டில் இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலை முதற்படி. 1930களில் நீலமலையின் பைக்காரா மின்சாரம் கீழிறங்கி வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்கு வீடுகள் வேண்டியிருந்தன, பருத்திக்காடுகள் மனைகளாயின. ஆக, இந்நகரை வாழவைத்த மண்ணேதான் இன்று அதன் சுவர்களைப் பிளந்துகொண்டிருக்கிறது. விந்தையன்றோ!

எங்கள் வீட்டைக் கட்டிய ஒப்பந்தக்காரரிடம் சென்றோம். அவர் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. "எல்லா வீட்டிலும் வர்றதுதானுங்க, பட்டி பார்த்து வெள்ளையடிச்சா மறைஞ்சுரும்" என்றார். மறைவது வேறு, தீர்வது வேறு என்பதை அவருக்குச் சொல்லி என்ன பயன்? ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பி, இந்த மண்ணில் முன்னோர் எப்படிக் கட்டினார்கள், எப்படிக் குடியிருந்தார்கள் என்று நேரில் பார்த்து வருவதென முடிவு செய்தோம். பிள்ளைகளையும் கூடவே அழைத்துச் சென்றோம். பேருந்தில் சன்னலோரம் யாருக்கு என்ற வழக்கு ஒவ்வொரு பயணத்திலும் எழுந்தது. போகும்போது அண்ணனுக்கு, வரும்போது தங்கைக்கு என்று தீர்ப்பு வழங்கினோம். வரும்போது இருட்டிவிடுகிறது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை என்று தங்கை மேல்முறையீடு செய்தாள். அதிலும் நியாயம் இருந்தது.

முதலில் சென்றது கருமத்தம்பட்டிப் பக்கம். செபமாலை அன்னையின் திருத்தலத்தை அறியாத கோவைக் கத்தோலிக்கக் குடும்பம் இராது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரைப் பணித்தளத்து இயேசு சபைக் குருக்கள் கால் வைத்த ஊர் அது. பூசை முடிந்ததும், அங்கிருந்து சில கல் தொலைவில், உறவுமுறையில் தெரிந்த ஒரு குடும்பத்தாரின் தொட்டிக்கட்டு வீட்டுக்குப் போனோம்.

கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை இன்றைய பிள்ளைகள் திரைப்படத்தில்தான் பார்க்கிறார்கள். நடுவில் வானம் பார்த்த சதுர முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, முன்னே விருந்தினரை அமர்த்தும் ஆசாரம், பின்னே பொடக்காளி, மேலே தவசமும் பழைய பாத்திரங்களும் ஏற்றிவைக்கும் அட்டாலி. மழை பெய்தால் நான்கு கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, கல் பாவிய சலதாரை வழியே வீட்டுக்கு வெகுதூரம் வெளியே போய்விடும். சுவர்கள் மண்ணால் எழுப்பியவை. ஒன்றரை முழக் கனம் இருக்கும். கூரையின் பாரத்தைச் சுவரைவிட மரத்தூண்களே மிகுதியாகத் தாங்குகின்றன.

அந்த வீட்டு ஆத்தாவுக்கு எண்பதைக் கடந்த வயது. எங்கள் விரிசலைப் பற்றிச் சொன்னதும் எழுந்து, தம் வீட்டுச் சுவரில் நான்கைந்து இடங்களைத் தொட்டுக் காட்டினார். விரல் பருமன் விரிசல்கள் இருந்த இடங்கள் அவை. "இந்த மண்ணு காஞ்சா சுருங்கும், நனைஞ்சா பொங்கும் கண்ணு. வருசா வருசம் மாசியில களிமண்ணக் கொழைச்சு அடைச்சு, சாணி போட்டு மொழுகிருவோம். அதுக்குப் போய் யாரு பயந்தாங்க?" என்றார். எங்கள் வீட்டைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி: "மேல உழுகற தண்ணியெல்லாம் எங்க போகுது?" அக்கேள்வியின் கனம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

அதற்குள் ஆசாரத்தில் ஒரு கலவரம். ஊஞ்சற்பலகையில் யார் முதலில் ஆடுவது என்று மகனும் மகளும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் நாணி எழுந்தோம். ஆத்தா அசையவில்லை. "ரெண்டு கன்னுக்குட்டிய ஒரே மொளையில கட்டுனா முட்டத்தான் செய்யும். எங்கூட்டுல ஏழு பேரு. மொளையும் ஏழு இருந்துச்சு, எடமும் இருந்துச்சு" என்றார். ஏழு பிள்ளைகளும் எங்கே படுத்தார்கள் என்று கேட்டோம். மழைக்காலத்தில் தாழ்வாரம், வெயில் காலத்தில் வாசற்கட்டில், பயந்தவன் மட்டும் ஆத்தாளின் அருகில் என்றார். பிள்ளைக்கென்று தனியறை என்ற எண்ணமே அந்த வீட்டின் அமைப்பில் இல்லை. அரிசியும் பருப்புச் சாதமும் வட்டிலில் போட்டு, நெய் ஊற்றித் தந்தார். பிள்ளைகள் ஒரே வட்டிலில் உண்டார்கள். ஊஞ்சல் வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று.

அடுத்த ஞாயிறு நகருக்குள்ளேயே சுற்றினோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளேக் என்னும் கொள்ளைநோய் இந்நகரைப் பலமுறை தாக்கியது. பழைய நகரின் நெருக்கத்திலிருந்து மக்கள் வெளியேறி, புறத்தே அகன்ற தெருக்களை அமைத்துக் குடியேற நேர்ந்தது. நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கும் ஆர்.எஸ். புரம் அவ்வாறு விரிந்த நகர்ப்பகுதிகளுள் ஒன்று. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் கோவையில் கோயில்கள் இருப்பது அக்கால அச்சத்தின் அடையாளம். காற்றோட்டமான வீடு என்பது ஒருகாலத்தில் இந்நகருக்கு வசதியாக அல்ல, உயிர்ப்பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

ஆலைகளையொட்டிய லைன் வீடுகள் அதற்கு நேர்மாறானவை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு பத்து, இருபது வீடுகள் வரிசையாக நிற்கும். முன்னே ஒரு கூடம், பின்னே ஒரு சமையலிடம், அவ்வளவே. பொதுக்குழாயும் பொதுக்கழிப்பிடமும் தெருமுனையில். அத்தகைய ஒரு வரிசையில் எங்கள் உறவினர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். ஆலைச் சங்கின் நேரத்துக்கே வீட்டில் படுக்கையும் மாறும் என்பார் அவர். இரவு ஷிப்டு முடித்து அப்பா வந்து படுக்கும்போது, பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியிருப்பார்களாம். 1974-ஆம் ஆண்டில் நலிந்த ஆலைகள் பல நாட்டுடைமையாகித் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்தன. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றின்போது அவற்றில் எந்திர ஓசை நின்றது. சங்கு ஊதாத ஊரில் அந்த வரிசை வீடுகளைப் பார்ப்பது மனத்துக்கு என்னவோபோல் இருந்தது. மகனுக்கு அதெல்லாம் படவில்லை. "இவ்வளவு சின்ன வீட்டில் விரிசல் இல்லையே, ஏன்?" என்றான். நல்ல கேள்வி. ஓட்டுக்கூரையின் சுமை குறைவு. வரிசையின் இரு முனை வீடுகளைத்தவிர மற்றவற்றின் அடிமண்ணில் ஈரம் ஏறக்குறையச் சமமாக இருக்கும். முனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே விரிசல் இருந்தது!

சிங்காநல்லூரில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1980களில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பையும் பார்த்தோம். வாரியம் 1961-இல் நிறுவப்பட்டது. நடுத்தர வருவாயினர் தவணை கட்டிச் சொந்த வீடு பெறுவதற்கு அது திறந்த வழி பெரிது. சிங்காநல்லூரில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. அவ்வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுக்கும் நிலையில் இருக்கிறார்கள். ஆனால் காலப்போக்கில் கம்பிகள் துருவேறி, காங்கிரீட் பெயர்ந்து விழத் தொடங்கிற்று. குடியிருக்கத் தகாதவை என்ற நிலை வந்தது. இடித்துக் கட்டுவதென்றால் எல்லோரும் ஒப்பவேண்டும். அத்தனை பேரும் இடைக்காலத்தில் வாடகைக்குப் போகவேண்டும். புதுவீட்டில் யாருக்கு எவ்வளவு பரப்பு என்று பேசித் தீர்க்கவேண்டும். பேச்சு பல ஆண்டுகள் நீண்டது. பலர் வீட்டைக் காலி செய்தனர். சொந்த வீடு என்று பத்திரத்தில் எழுதியிருப்பது அடுக்குமாடியில் எவ்வளவு தூரம் சொந்தம் என்று அங்கே நின்றபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தனி மனையில் விரிசல் வந்தால், செலவு நம்முடையது என்றாலும் முடிவும் நம்முடையதே.

ஆடி மாதம், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் எங்கள் வேண்டுகோளுக்கிணங்கி வீட்டுக்கு வந்தார். சுவரைத் தட்டினார், மொட்டை மாடிக்கு ஏறினார், வெளியே வந்து வீட்டைச் சுற்றி இருமுறை நடந்தார். வடகிழக்கு மூலையில் நின்றுவிட்டார். அங்கே, சுவரிலிருந்து மூன்றே அடியில், மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருந்தது. கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு வேண்டுமென்று 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டதை அனைவரும் அறிவர். நல்ல சட்டம். நிலத்தடி நீருக்கு எண்ணூறு, ஆயிரம் அடி துளையிடும் இக்கொங்கு நாட்டுக்கு அது மிகவும் வேண்டியதே. ஆனால் ஒப்பந்தக்காரர் குழாய்ச் செலவை மிச்சப்படுத்த, மாடித் தண்ணீர் முழுவதையும் கடைக்காலின் காலடியிலேயே இறக்கியிருந்தார். ஐப்பசியில் அந்த மூலையின் கரிசல் மட்டும் வயிறுமுட்டக் குடித்துப் பொங்கும். பங்குனியில் சுருங்கும், அந்த மூலையும் கூடவே தாழும். வீட்டின் மற்ற மூன்று மூலைகளும் அவ்வளவு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கருமத்தம்பட்டி ஆத்தா கேட்ட கேள்வி அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

கடைக்கால் நாலரை அடி ஆழத்தில் கருங்கல்லால் கட்டப்பட்டது. இத்தகைய மண்ணில் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழம் ஏறத்தாழ 3.5 மீட்டர் வரை இறங்கக்கூடும் என்றார் பொறியாளர். அந்த ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குடைபோல் அகட்டிக் காங்கிரீட் நிரப்பும் பைல் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துத் தந்திருக்கிறது. அப்படிக் கட்டிய வீடு மண் ஏறி இறங்கினாலும் அசையாது. கட்டி முடித்த வீட்டுக்கு அதைச் செய்வது பெரும் செலவு. நல்லவேளையாக, தரைமட்டத்தில் சுற்றிலும் காங்கிரீட் பீம் ஓடியிருந்தது. "வீடு விழாது. ஆனாலும் ஒரு மழையும் ஒரு கோடையும் பார்க்காமல் நான் உறுதி சொல்லமாட்டேன். அதுவரை பிள்ளைகள் அந்த அறையில் படுக்கவேண்டாம்" என்றார்.

போகும்போது விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். அத்துடன் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, மாதத்துக்கொருமுறை முனை நகர்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கிளம்பும் நேரத்தில் இன்னொன்றையும் சொன்னார். அதே மூலையில், சுவரிலிருந்து எட்டடியில் நிற்கும் புங்க மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, சுருக்கத்தை மிகுதியாக்குகிறது. அதை வெட்டிவிடுவது நலம்.

அம்மரம் மகள் பிறந்த ஆண்டில் நட்டது. அதற்கு அவள் பெயரையே மகன் வைத்திருந்தான். வெட்டுவது என்ற சொல் காதில் விழுந்ததும் இருவரும் மரத்தடிக்கு ஓடி, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற காட்சியைச் சொல்லத் தேவையில்லை. ஊஞ்சற்பலகைக்கும் சன்னலோரத்துக்கும் அடித்துக்கொண்ட அதே இருவர்தாம்!

அடுத்து வந்த மாதங்கள் எளிதாயில்லை. ஐந்து பேரும் கூடத்தில் படுத்தோம். மூத்தவனுக்கு இரவு ஒன்பதரை வரை படிக்க விளக்கு வேண்டும். சிறியவளுக்கு எட்டு மணிக்கே இருட்டு வேண்டும். அம்மிச்சிக்கு மின்விசிறி ஆகாது. மகன் சாக்கட்டியால் தரையில் கோடு கிழித்து, தன் எல்லையை வகுத்துக்கொண்டான். தூக்கத்தில் அதைத் தாண்டி உருளாத தங்கை எங்கேனும் உண்டா? நள்ளிரவில் எழுந்து கோடுதாண்டிய குற்றத்தை விசாரிக்கும் நிலை எங்களுக்கு வந்தது. வேலைக்குச் செல்லும் பெற்றோர் இருவரும் தூக்கமின்றி எழும் காலை எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இல்லத்தில் இறைவனின் ஆசி வேண்டிப் பங்குத்தந்தையை அழைத்து மந்திரித்த வீடு இது. திருஇருதய ஆண்டவர் படத்தின் கீழேயே அந்தச் சாக்கட்டிக் கோடு ஓடிற்று.

புரட்டாசி மாதத்தில் பெரிய சண்டை வந்தது. பென்சில் குறிகளை இடும் பொறுப்பை மகன் தனதாக்கிக்கொண்டிருந்தான். தேதி எழுதி, அளவுகோல் வைத்து, பொறியாளரைப்போலவே சுவரைத் தட்டிப் பார்ப்பான். தங்கை தானும் எழுத வேண்டுமென்று கேட்டபோதெல்லாம் "உனக்குத் தேதி எழுதத் தெரியாது" என்று தள்ளிவிட்டான். ஒருநாள் அவன் பள்ளிக்குச் சென்றிருந்த வேளையில் அவள் ஈரத்துணியால் சுவரிலிருந்த குறிகள் அத்தனையையும் துடைத்துவிட்டாள். இரு மாதக் கணக்கு மறைந்தது. அவன் வந்து பார்த்து அவளை அடித்தான், அவள் கடித்தாள். அடித்ததற்கு ஒரு தண்டனை, கடித்ததற்கு ஒரு தண்டனை என்று வழங்கினோம். இரண்டாலும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு சாக்கட்டிக் கோடு முன்னிலும் தடிமனாயிற்று.

மறுநாள் அம்மிச்சி ஒரு வழி செய்தார். கண்ணாடித் துண்டு மூன்றில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை என்பதை அவர்தாம் கவனித்தார். "சாமி, அண்ணன் சுவத்துல எழுதட்டும். கண்ணாடி ஒடைஞ்சுதா இல்லையான்னு தினமும் பாத்து எனக்குச் சொல்றது உன்ற வேலை. எனக்குக் கண்ணு தெரியலையல்லோ" என்று பேத்தியிடம் ஒப்படைத்தார். அன்று முதல் விடிந்ததும் முதல் வேலையாக அவள் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்து, அம்மிச்சியின் காதில் போய்ச் சொல்வாள். தேதி எழுதும் அண்ணன், கண்ணாடியின் நிலை என்ன என்று அவளிடம் கேட்டே எழுதவேண்டியதாயிற்று. கேட்கும்போது அவனுக்கு வேண்டாவெறுப்புதான். ஆயினும் கேட்டான்.

இடையில் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். கோவையின் மேற்குப் பகுதிகளுக்குச் சிறுவாணி நீர் வருகிறது. கிழக்கிலுள்ள எங்களுக்குப் பவானியாற்றுப் பில்லூர் நீர். சிறுவாணி உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று சொல்லாத கோவைக்காரர் இல்லை. முதலாவது எது என்று சொல்பவரைத்தான் நாங்கள் இன்னும் கண்டதில்லை. கேரளப் பகுதியில் அணைகட்டி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இப்பால் கொண்டுவரும் நீர் அது. 2017-ஆம் ஆண்டின் வறட்சியில் அந்த அணை அடிமட்டத்துக்கு இறங்கியபோது, குடத்துடன் தெருவில் நின்றது நகரம் முழுவதும். எங்கள் தெருவுக்கு இன்றும் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வருகிறது. வரும் நாளில் தரைத்தொட்டியை நிரப்பி, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றவேண்டும். மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீரும் சுவரோரம் இறங்கி மண்ணைப் பொங்கவைக்கும் என்று பொறியாளர் எச்சரித்திருந்தார். ஆகவே மோட்டாரை நிறுத்தும் பொறுப்பு பிள்ளைகளுக்கு வந்தது. ஒருவர் மொட்டை மாடியில் நின்று "நிரம்பிருச்சு" என்று கூவ, மற்றவர் கீழே சுவிட்சை அணைக்கவேண்டும். தனியாக ஒருவரால் செய்யக்கூடிய வேலை அன்று. சண்டையிட்டுப் பேசாதிருந்த நாட்களிலும் இதற்காக மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. விரிசல் தானாகவே மூடிக்கொண்டு வந்தது. கார்த்திகையில் நகம்கூட நுழையவில்லை. ஒட்டிய கண்ணாடியில் இரண்டு நெரிந்து உடைந்திருந்தன. மண் ஏறி இறங்குவதே காரணம் என்று உறுதியாயிற்று. தை மாதம் வேலையைத் தொடங்கினோம். மகனின் கல்விக்கென்று ஒதுக்கியிருந்த சேமிப்பின் பெரும்பகுதி அதில் கரைந்தது. அதைத் திருப்பிச் சேர்க்க இரண்டாண்டுகள் வீட்டில் புதுத்துணி கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று முடிவாயிற்று.

பழைய குழியைத் தூர்த்து, சரளையும் செம்மண்ணுமாக இறுக்கி மூடினார்கள். மாடித் தண்ணீரைக் குழாய்களில் கூட்டி, வாசற்பக்கம் சுவரிலிருந்து இருபதடி தள்ளிப் புதுக்குழி எடுத்தார்கள். வீட்டைச் சுற்றிலும் ஐந்தடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகக் காங்கிரீட் தளம் போட்டார்கள். கடைக்காலை ஒட்டிய மண் அதிகம் நனையவும் கூடாது, அதிகம் காயவும் கூடாது என்பதே அதன் நோக்கம். மேஸ்திரி பழைய கையாள். சித்தாள்கள் சிமென்ட் குழைக்கும்போது பிள்ளைகளைத் தட்டுக்கொல்லி தூரத்தில் நிறுத்திவைப்பதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று. தளத்தின் ஈரம் காயுமுன் இரு ஜோடிக் கால்கள் அதன்மேல் நடந்து போயிருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறியது முன்னே போயிருக்கிறது. யார் யாரை அழைத்துச் சென்றார்கள் என்று இருவருமே இன்றுவரை சொல்லவில்லை.

புங்கமரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெட்டுவது தவிர வேறு வழியுண்டா என்று பொறியாளரிடம் மகனே கேட்டான். "சார், மரம் வேர் விடுற பக்கத்தை மாத்த முடியாதுங்களா?" அவர் சற்று யோசித்தார். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆறடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கனமான பிளாஸ்டிக் தகட்டை நிறுத்தி மூடினால், வேர் வீட்டின் பக்கம் வருவதைத் தடுக்கலாம். ஆண்டுதோறும் கிளைகளைக் கழித்து, மரத்தைப் பெரிதாகவிடாமல் காக்கவேண்டும். அப்படியும் அடுத்த கோடையில் சுவர் நகர்ந்தால் மரம் போகவேண்டியதே என்று நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார். பள்ளம் தோண்டியபோது பெருவிரல் பருமனில் இரண்டு வேர்கள் வீட்டை நோக்கி ஓடியிருப்பதைக் கண்டோம். அவற்றை நறுக்கியபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகன் நின்று பார்த்தான்.

2023-ஆம் ஆண்டுப் பங்குனி வந்தது. விரிசல் மயிரிழையளவு திறந்தது, அதற்குமேல் போகவில்லை. சித்திரை வெயிலில் புதிதாக ஒட்டிய மூன்று கண்ணாடிகளும் உடையாமல் நின்றன. பொறியாளர் வந்து பார்த்து, விரிசலைச் சற்று அகலப்படுத்தி, இளகும் தன்மையுள்ள பூச்சை இட்டு அடைக்கச் சொன்னார். வைகாசியில் பிள்ளைகள் தங்கள் அறைக்குத் திரும்பினார்கள். திரும்பிய அன்றே சன்னலோரக் கட்டில் யாருக்கு என்ற வழக்கு தொடங்கிற்று. மரம் தன் பெயரிலிருப்பதால் மரம் தெரியும் சன்னல் தனக்கே என்பது தங்கையின் வாதம். மரத்தைக் காப்பாற்றியது தான் என்பது அண்ணனின் வாதம். இம்முறை நாங்கள் தீர்ப்பு வழங்கவில்லை. மாதம் மாறி மாதம் என்று அவர்களே எழுதி, கண்ணாடித் துண்டுகளுக்குக் கீழே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு அம்மிச்சியின் பெருவிரல் ரேகை இருக்கிறது.

அடுத்த பங்குனிக்கும் வந்து பார்க்கிறேன் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். வந்தார். கண்ணாடியில் ஒன்றின் விளிம்பில் சிறு கீறல் இருந்தது. அது சுவர் நகர்ந்ததால் அன்று, பந்து பட்டதால் என்று அதைக் காக்கும் பொறுப்பிலிருப்பவள் உடனே தெரிவித்தாள். பந்து யாருடையது என்று அவர் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.